வாசலில் ஒரு வட்டம்

என் மகளுக்கு உலகத்தில் இருக்கிற அத்தனை ஆபத்தும் தெரியும். எதிர் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள், தெரியாது. வயது பதினைந்து. கார்க் கைப்பிடியில் நாணயம் செருகியிருந்தால் அந்தக் காரில் வருகிறவளைத் தூக்கப்போகிறார்கள் என்று அர்த்தமாம். வெளியே குழந்தை அழுதால் கதவைத் திறக்கக் கூடாதாம், அது பதிவு செய்த சத்தமாம். வழி கேட்டு ஒருவர் நீட்டுகிற துண்டுச்சீட்டைத் தொடக் கூடாதாம், அதில் மயக்க மருந்து தடவியிருக்குமாம். இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டால், "படிக்கலப்பா, வந்துச்சு" என்பாள். வந்ததாம். கூப்பிடாமலே வந்து, எங்கள் வீட்டிலேயே குடியேறியும் விட்டது.

ஆரம்பத்தில் ஏதோ ஒரு பெண் காணாமல் போன வீடியோவைக் கடைசிவரை பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளுடைய போனில் பெண்கள் வரிசையாகக் காணாமல் போகத் தொடங்கினார்கள். ஒரு நாள் புளி வாங்கினோம் என்பதற்காகக் கடைக்காரன் தினமும் புளியையே கட்டிக் கொடுத்தால் சட்டையைப் பிடிக்க மாட்டோமா? இங்கே யார் சட்டையைப் பிடிப்பது? முதலில் மாலை நேரக் கைப்பந்தை விட்டாள். பிறகு முனைக் கடைக்குப் போவதை விட்டாள். கடைசியில் பள்ளிப் பேருந்து நிற்கிற இடத்துக்கே அம்மா துணைக்கு வந்தால்தான் போவேன் என்று நின்றாள்.

"வீட்டோட இருக்கா, நல்லதுதானே. மத்தவங்க பசங்கள பாருங்க, எங்க சுத்துதுங்கன்னே தெரியல" என்றாள் என் மனைவி. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஊராருக்குப் பார்வை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறவள், சொந்த மகள் விஷயத்தில் இப்படிப் பேசினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பயந்தாங்கொள்ளி மகாராணி" என்று கேலி செய்வேன். கேலி செய்தால் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளிருந்து யாரோ ஒரு பெண்குரல், பின்னணியில் டம் டம் என்று மேளம் போன்ற சத்தத்தோடு, "இந்த அஞ்சு விஷயம் உங்க வீட்டு வாசல்ல இருந்தா உடனே ஜாக்கிரதை ஆயிடுங்க" என்று சொல்வது கேட்கும்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. நான் குடிநீர் அலுவலகத்தில் கசிவு கேட்கிறவன். கேட்கிறவன் என்றால் நிஜமாகவே காதால் கேட்பவன். நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் ஒரு மரக் குமிழ். கம்பியின் அடியைக் குழாய் மேல் வைத்து, குமிழில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நல்ல குழாய் சும்மா கிடக்கும். ஓட்டை விழுந்த குழாய் சீறும். கேட்டு முடித்ததும் அந்த வீட்டு வாசல் தூணின் அடியில் சாக்குக்கட்டியால் ஒரு குறி. குழாய் நன்றாக இருந்தால் வட்டம், கசிந்தால் பெருக்கல் குறி. மறுநாள் தோண்டுகிற ஆட்கள் வந்து பெருக்கல் குறி இருக்கிற இடத்தில் மட்டும் தோண்டுவார்கள்.

தெரு அடங்கியிருந்தால்தான் காது வேலை செய்யும். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் போவோம். அலுவலகத்தில் கொடுக்கிற மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்க முடியாது. அந்தத் துணி சரசரவென்று சத்தம் போடும், கம்பி வழியாக அந்தச் சத்தம் காதுக்கே வரும். எனவே நாங்கள் எல்லாரும் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வோம். அடையாள அட்டையும் அந்தச் சட்டைப் பையில்தான் இருக்கும். இன்னொரு வழக்கமும் உண்டு. சொந்தத் தெருவை யாரும் கேட்கக் கூடாது. தன் வீட்டு வாசலைத் தோண்டச் சொல்லிக் குறி போட யாருக்கு மனசு வரும்?

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு நெட்டைக்குப் போனது. பக்கத்துத் தெரு எனக்கு. நெட்டை என்பது நான் வைத்த பெயர். என்னுடைய ஜோடி. தெருவிளக்குக்குத் தம்பி மாதிரி உயரம், வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. எங்கள் அலுவலகத்தில் அவன் காதுக்கு நிகராக எவன் காதும் கிடையாது. நான் இரண்டு முறை கம்பி வைக்கிற இடத்தில் அவன் ஒரு முறை வைத்துவிட்டு நடந்துவிடுவான்.

நான் நாலைந்து வாசலைத் தாண்டியிருப்பேன். சத்தம் கேட்டது. மனிதச் சத்தம். கம்பியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

எங்கள் தெரு முனையில், கடை வாசலில் கூட்டம். காலை நேரத்தில் அத்தனை பேரை அந்தத் தெருவில் நான் பார்த்ததே இல்லை. மருந்துக்கடைக்காரர், டியூஷன் வாத்தியார், மாடியில் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவன், பள்ளிக்கூடப் பையன்கள் சிலர். நடுவில் நடைபாதை விளிம்பில் நெட்டை உட்கார்ந்திருந்தான். ஒரு கையால் காதைப் பொத்தியிருந்தான். விரலிடுக்கில் ரத்தம். அவனுடைய கம்பியை ஒருவன் ஆயுதத்தைக் கைப்பற்றியவன் தோரணையில் தூக்கிப் பிடித்திருந்தான்.

"விடுங்கடா! என் ஆளுடா இவன்! குடிநீர் ஆபீஸ்!" என்று கத்திக்கொண்டு உள்ளே புகுந்தேன். இடுப்பிலிருந்த மஞ்சள் சட்டையை உருவி, அட்டையை எடுத்து ஒவ்வொரு மூஞ்சிக்கு முன்னாலும் நீட்டினேன்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கம்பியை வைத்திருந்தவன் அதைச் சுவரில் மெதுவாகச் சாய்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். மருந்துக்கடைக்காரர், "விடிகாலைல குறி போட்டுட்டுப் போனா யாரு என்னன்னு நினைப்பாங்க? பொண்ணு வச்சிருக்கவங்களுக்குத்தான் அந்த வயித்தெரிச்சல் தெரியும்" என்றார்.

"நானும் பொண்ணு வச்சிருக்கவன்தான்" என்றேன்.

"அப்ப நீங்களே பாருங்க" என்று போனை நீட்டினார்.

மேலிருந்து எடுத்த வீடியோ. நெட்டை எங்கள் வாசலில் குனிகிறான், குமிழில் காது வைக்கிறான், கண்ணை மூடுகிறான், தூணில் வட்டம் போடுகிறான். மேலே எழுத்து: "எங்க தெருவுல குறி போட்டுட்டு இருக்கான். வட்டம்னா பொண்ணு தனியா இருக்கற வீடு. எல்லாரும் ஷேர் பண்ணுங்க." வீடியோவின் ஓரத்தில் ஜன்னல் கம்பியும், விளிம்பு உடைந்து ஒட்டிய ஒரு நீலப் பூந்தொட்டியும் தெரிந்தன. அந்தத் தொட்டியை ஒட்டியவன் நான். என் மகளுடைய அறை ஜன்னல் அது.

நெட்டை என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "டேய், நீ பேசறது ஒண்ணுமே கேக்கல" என்றான். இன்னொரு காதுப் பக்கம் போய், "ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி" என்றேன்.

"கம்பி வைக்கிற காதுடா" என்றான். வழியெல்லாம் அதை மட்டும்தான் சொன்னான்.

அறைந்த அறையில் செவிப்பறை கிழிந்திருந்தது. கிழிசல் ஆறலாம், ஆறாமலும் போகலாம், உள்ளே நரம்புக்கு என்ன ஆனது என்று போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். பழையபடி கேட்குமா என்று கேட்டேன். சாதாரணப் பேச்சு கேட்கலாம் என்றார். சாதாரணப் பேச்சுக்காகவா அவனுக்கு அந்தக் காது?

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தேன். மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா.

"அப்பா, நம்ம தெருவுல ஒருத்தன புடிச்சிட்டாங்க, தெரியுமா? நான்தான் வீடியோ போட்டேன்" என்றாள். கண்ணில் வெளிச்சம். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னிடம் தானாக வந்து சொன்ன முதல் சேதி அது.

நான் சொன்னேன். யார், என்ன, எந்தக் காது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் முகம் வெளுத்தது. "எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"கீழ இறங்கி யாருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கீழ இறங்கியா? அப்படிக் கேக்கப் போய் எத்தன பொண்ணுங்க காணாம போயிருக்காங்க தெரியுமா உங்களுக்கு?"

"எத்தன? சொல்லு. உனக்குத் தெரிஞ்சு, நம்ம தெருவுல, உங்க ஸ்கூல்ல, ஒரே ஒருத்தி பேரச் சொல்லு."

அவள் போனை எடுத்து என் பக்கம் திருப்பினாள். எல்லாம் இதில் இருக்கிறது, பார்த்துக்கொள் என்பது போல. அதைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. என் மனைவி குறுக்கே வந்தாள்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு என்னைக்காவது அவளுக்குச் சொல்லியிருக்கீங்களா? தண்ணி ஆபீஸ்னு சொல்றீங்க, அவ ஸ்கூல்ல அப்பா இன்ஜினியர்னு சொல்லி வச்சிருக்கா."

"ஓகோ, கடைசில தப்பு என் தலைலயா?"

"தலைல எல்லாம் வைக்கல. சொல்லலன்னு சொன்னேன்."

அன்று வீட்டில் யாரும் யாரோடும் சாப்பிடவில்லை. மகள் அழுதாள். அழுதது நிஜம், அதையும் சொல்ல வேண்டும். வீடியோவை நீக்கிவிட்டேன் என்று காட்டினாள். ஆனால் அது அதற்குள் வேறு ஊர்களுக்குப் போயிருந்தது. ஒருவன் அதில் சிவப்பு அம்பு போட்டிருந்தான். ஒருத்தி அழுகிற குரலில் விளக்கம் கொடுத்திருந்தாள். இன்னொருவன் இது தன் ஊரில் நேற்று நடந்தது என்று சத்தியம் செய்தான். எல்லாவற்றிலும் நெட்டை கண்ணை மூடி என் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் அலுவலகத்துக்கு வரிசையாகப் போன். குறி போடுகிற கும்பலுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்களாம். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். "விசாரணை முடியறவரைக்கும் அவர உள்ள எடுக்க முடியாது. மருத்துவச் செலவு கேக்கறதுக்கும் அது முடியணும். அந்த வீடியோவப் போட்டவங்களே தப்புன்னு சொல்லிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். போட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் மகளைச் சமையலறையில் நிறுத்தினேன். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அவளே சொன்னாள். அலுவலகத்தில் கேட்டு வாங்கி வந்த கம்பியும் சாக்குக்கட்டியும் என் கையில். அவள் பேச வேண்டும், நான் பக்கத்தில் நின்று குறிகளைக் காட்ட வேண்டும். போனை டப்பாக்கள் மேல் சாய்த்து வைத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம்... அன்னைக்கு நான் போட்ட வீடியோ... அது வந்து..." என்று இழுத்தாள். தரையைப் பார்த்தாள். கையைப் பிசைந்தாள்.

அவள் இழுக்க இழுக்க எனக்கு நெட்டையின் விரலிடுக்கில் வழிந்த ரத்தம்தான் ஞாபகம் வந்தது. "சரியா சொல்லு!" என்றேன். "நேரா பாத்துச் சொல்லு!"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியது. பிறகு கடகடவென்று முழுவதையும் சொல்லி முடித்தாள். அவர் குடிநீர் அலுவலக ஊழியர், அது கசிவு பார்க்கிற குறி, நான் தெரியாமல் போட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கேமரா முன்னால் கம்பியை நீட்டினேன், சுவரில் ஒரு வட்டமும் ஒரு பெருக்கல் குறியும் போட்டுக் காட்டினேன்.

"முன்னாடி கொஞ்சம் வெட்டிட்டுப் போடறேன்ப்பா" என்றாள்.

"வெட்டறது ஒட்டறது எல்லாம் வேணாம். அதாலதான் இவ்வளவும். எடுத்தது எடுத்தபடி போடு."

போட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையை முழுசாகச் சொன்னால் போதும் என்று நான் நம்பினேன். இந்த வயதில் இப்படி ஒரு முட்டாள்தனம்.

மறுநாள் காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, "என்ன சொல்றாங்க உன் ஜனங்க?" என்று கேட்டேன்.

"நிறைய பேரு பாத்திருக்காங்க." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எனக்கு மெசேஜ் பண்றாங்க. சேஃபா இருக்கியான்னு கேக்கறாங்க."

"யாரு?"

"தெரியல. நிறைய பேரு. நாங்க உன் கூட இருக்கோம்னு சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா என்ன அர்த்தம்? சேஃபாதான் இருக்கேன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதா, கை வலிக்குதா?"

அவள் எழுந்து போய்விட்டாள். என் மனைவி, "காலங்காத்தால ஏன் அவள வறுக்கறீங்க?" என்றாள்.

சாயங்காலம் வேலை முடிந்து நெட்டையைப் பார்க்கப் போனேன். காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தான். இப்போது அந்தக் காதுக்குள் ஓயாமல் ஒரு சீறல் கேட்கிறதாம். "பெரிய ஓட்டைடா" என்று சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவனுடைய மச்சான் ஓர் ஓரமாக என்னைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். "இது நீங்கதானே?"

எங்கள் சமையலறை. யாரோ வெட்டியிருந்தார்கள். வணக்கம் என்று இழுக்கிற என் மகள், ஓரத்திலிருந்து "சரியா சொல்லு!" என்று ஒரு கரடுமுரடான குரல், திடுக்கிடுகிற அவள் முகம், கலங்குகிற கண். அதோடு சரி. மன்னிப்பும் இல்லை, கசிவும் இல்லை. சாக்குக்கட்டி பிடித்த என் விரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். என் தலை பாதிதான் தெரிந்தது. கீழே ஜனங்கள் எழுதியிருந்தார்கள். மிரட்டிப் பேச வைக்கிறான். கையைப் பாருங்கள், அதே கும்பல். பாவம் அந்தப் பெண், கண்ணாலேயே உதவி கேட்கிறாள். இந்த ஆள் நிஜமாகவே அவளுக்கு அப்பாதானா?

அந்தக் கடைசிக் கேள்விக்குக் கீழேதான் பதில்கள் அதிகம்.

நேராக வீட்டுக்குப் போனேன். பள்ளி விட்டு அவள் வந்திருப்பாள், அவள் அம்மா கடையிலிருந்து வர நேரமாகும். சாவி போட்டுத் திறந்தேன். கதவு ஒரு விரல் அகலம் திறந்து நின்றது. உள்ளே சங்கிலி போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சங்கிலியை யாரும் போட்டதே இல்லை.

"யாரு?" என்றாள் உள்ளிருந்து.

"நான்தான்."

உள்ளே காலடிச் சத்தம் கதவை நெருங்கி நின்றது.

"அப்பாதாண்டி. சங்கிலிய எடு."

இடுக்கில் அவளுடைய ஒரு கண் தெரிந்தது. அது என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு விளிம்பைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தது. காலையில் அலுவலகக் கிடங்கில் குழாய்களுக்குக் குறி போட்ட சாக்குக்கட்டியின் வெள்ளை அவற்றில் இன்னும் ஒட்டியிருந்தது.

"அம்மா வந்ததும் வாங்கப்பா" என்றாள்.

"என்னது?"

"அம்மா வரட்டும். அப்புறம் திறக்கறேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? என் வீடுடி இது! நான் உன் அப்பன்டி!"

"தெரியும்ப்பா. தெரியும். ஆனா..." அந்த 'ஆனா'வோடு கதவைத் தள்ளிச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.

எனக்கு வெறி பிடித்தது. பதினைந்து வருடம் தூக்கி வளர்த்த பெண். காய்ச்சல் வந்தால் என் தோளில்தான் தூங்குவாள். கதவை உள்ளங்கையால் அடித்தேன், முஷ்டியால் அடித்தேன், "திற! திறடி!" என்று கத்தினேன். கத்தக் கத்த என் குரல் அந்த வீடியோவில் கேட்ட குரலாகவே எனக்குக் கேட்டது. எதிர் வீட்டு மாடியில் ஏதோ அசைந்தது. திரும்பினேன். டியூஷன் வாத்தியார் போனை இரண்டு கையாலும் என் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார்.

கையை இறக்கினேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்க தோஷம், கதவில் காதை வைத்தேன்.

நல்ல கதவு அது, ஆனால் நான் கேட்காத சத்தமா? முதலில் என் குரல் கேட்டது. "சரியா சொல்லு!" சிறிது இடைவெளி. மறுபடியும் "சரியா சொல்லு!" ஓடி முடிந்து முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. என் மகள் கதவை ஒட்டித்தான் நின்றிருந்தாள், அவள் மூச்சு எனக்குக் கேட்டது. தணிந்த குரலில் போனிடம், எனக்குத் தெரியாத யாரிடமோ, பேசினாள்.

"இன்னும் போகல. வெளியதான் நிக்கறான்."